மாமனார் மந்திரவாதி, நான் மகாராணி

கல்யாணமாகி ஆறு வருஷம் வரைக்கும் நானும் என் மாமனாரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதையெல்லாம் ஒரு தபால் அட்டையில் எழுதி முடித்துவிடலாம். சண்டை ஒன்றும் கிடையாது. அவர் சுபாவம் அப்படி, அவரைப் பார்த்து நானும் அப்படியே ஆகிவிட்டேன். சாப்பாடு வேண்டுமென்றால் மாமியாரிடம் சொல்வார். மாமியார் பக்கத்திலேயே நிற்கிற என் பக்கம் திரும்பி, "மாமாவுக்குப் பசிக்குதாம்" என்பார். நான், "ரசம் கொதிச்சிட்டா ஆச்சு அத்தை" என்பேன். மாமியார் மறுபடி அந்தப் பக்கம் திரும்பி, "ரசம் கொதிக்குதாம்" என்பார். திண்டிவனத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் மூன்று பேர் நின்றால் நடுவில் ஒருவர் மொழிபெயர்ப்பாளர்.

மாமனார் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பத்தின் மேல் ஏறினால்தான் அவருக்கு வாய் திறக்கும் என்று மாமியார் சொல்வார். அது உண்மைதான். மேலே தொங்கிக்கொண்டு, இரண்டு கழனி தள்ளி டிரான்ஸ்பார்மரிடம் நிற்கிற ஆளுக்கு "ஆஃப் பண்ணு!" என்று கத்த வேண்டும். அவனுக்கு அது "ஆன் பண்ணு" என்று கேட்டுவிட்டால் கதை முடிந்தது. அதனால் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, வயிற்றிலிருந்து எடுத்து வீசுகிற குரல் அவருக்கு வந்துவிட்டது. கீழே இறங்கியபின் அந்தக் குரலுக்கு வீட்டுக்குள் வேலை இல்லை. மெதுவாகப் பேசவும் அவருக்குத் தெரியாது. எனவே பேசவே மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் மட்டும் வாசிப்பார். அன்றைக்கு மைக்கை அணைத்துவிடுவார்கள்.

என் கணவர் விழுப்புரத்தில், ஜெராக்ஸ் கடை ஒன்றின் மாடியில், சின்ன ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறார். முட்டை அட்டை ஒட்டிய ஒரு அறை, ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், வேலை செய்தாலும் சத்தம் வரும் என்பதால் எப்போதும் அணைத்தே கிடக்கும் ஒரு ஏசி. மாதா பாட்டு, ஆடித் தள்ளுபடி விளம்பரம், தேர்தல் வந்தால் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிப் போட "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே" எல்லாம் அங்கேதான் பதிவாகும். நானும் விழுப்புரத்தில்தான், ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருக்கிறேன். "உக்காருங்க, வாயைக் கொப்புளிங்க, பயப்படாதீங்க" என்று காலையிலிருந்து மதியம் வரை எல்லோருக்கும் ங்க போட்டுக்கொண்டிருப்பதுதான் என் உத்தியோகம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் அந்த ங்க என்னை ரொம்ப பேஜார் பண்ணிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒருவர் என் கணவரைக் கூப்பிட்டார். செல்போனில் படம் காட்டுகிற ஏதோ ஒரு செயலிக்காக வெளிநாட்டு வாள்சண்டைப் படங்களை மலிவாக வாங்கியிருந்தார். ராஜா, ராணி, மந்திரவாதி, எலும்புக்கூடு எல்லாம் உள்ள படம். அதைத் தமிழில் பேசவைத்துக் கொடுக்க வேண்டும். அவர் கையில் இருந்தது இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம், நான்காம் பாகம்.

"அப்ப முதல் பாகம்?" என்று கணவர் கேட்டார்.

"அது நல்லா இருக்குமாம் சார். அதான் நமக்குக் கட்டுப்படியாகல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, நடுவில் கொட்டிக்கொண்டு இரண்டாம் பாகத்தை வீட்டில் போட்டுப் பார்த்தோம். எந்த நாட்டுப் படம் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. கதாநாயகன் மார்பில் சட்டையே போடாமல் பனியில் நடக்கிறான். அவன் வாள் கல்லில் பட்டால் வளைந்து, தானாகவே நிமிர்ந்துகொள்கிறது. கோட்டை வாசலில் காவல் நிற்கிற ஒருத்தன் கையில் கைக்கடிகாரம் கட்டியிருக்கிறான். டிராகன் ஒன்று வருகிறது. அதன் வயிற்றுக்குக் கீழே இரண்டு ஜோடி கேன்வாஸ் ஷூ நடந்துபோவது தெரிகிறது. நடுவில் ஒரு பெரிய போர். அது முடிந்து கொஞ்ச நேரத்தில் இன்னொரு போர். பார்த்தால் அதே போர்தான், படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். முன்னால் வலது கையால் வெட்டிய அத்தனை பேரும் இப்போது இடது கையால் வெட்டுகிறார்கள்.

நானும் கணவரும் சிரித்துச் சிரித்து மல்லாட்டைத் தோல் மூக்கில் ஏறி இருமினோம். மாமியார் சிரிக்காமல், சட்டை இல்லாத அந்தப் பிள்ளைக்குக் குளிருமே என்று கவலைப்பட்டார். மாமனார் படத்தைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கணவர் கதையைச் சொல்லிக்கொண்டே வந்ததை மட்டும் கேட்டிருக்கிறார். படம் முடிந்ததும் அங்கிருந்தே, "அந்த மந்திரவாதிய எதுக்கு எல்லாரும் ஏமாத்துறானுங்க?" என்று கேட்டார். எங்களில் ஒருவரும் அந்தப் படத்தை ஒரு கதையாக நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

மகாராணிக்குக் குரல் நான் என்று முடிவாகிவிட்டது, வேறு பெண் குரல் கிடைக்காததால். கதாநாயகனுக்கும், படைவீரர்கள் அத்தனை பேருக்கும், குதிரைக்கும் என் கணவர். மந்திரவாதிக்கு மட்டும் ஜவுளிக்கடை விளம்பரம் பேசுகிற ஒருவரை வரச்சொன்னோம். நல்ல மனுஷன், நல்ல குரல். ஆனால் அவர் எதைப் பேசினாலும் கடைசியில் விளம்பரமாகத்தான் முடிந்தது. "இந்த உலகமே இனி என் காலடியில்" என்று அவர் சொன்னால், அடுத்து "குழந்தைகளுக்கான ரகங்கள் முதல் மாடியில்" என்று வரும்போல இருந்தது. மூன்று மணி நேரம் பேசிப் பார்த்துவிட்டு அவரே மனம் நொந்து போய்விட்டார்.

அன்றைக்கு மாமியார் எங்களுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பியிருந்தார். மாமனார் டிபன் கேரியரோடு பஸ் ஏறி வந்து, மாடிப்படியை மறித்து யாரோ வண்டியை நிறுத்தியிருப்பதைப் பார்த்துவிட்டார். கீழே நின்று ஒரே ஒரு தடவை சொன்னார்: "யாருதுப்பா இந்த வண்டி? எடு!"

மூடிய கதவு, முட்டை அட்டை எல்லாவற்றையும் தாண்டி அந்த "எடு" மைக்கில் பதிவாகிவிட்டது. கணவர் அதைத் திரும்பப் போட்டார். திரையில் மந்திரவாதி கதாநாயகனின் வாளைப் பார்த்து வாயைத் திறக்கிறான். ஸ்பீக்கரில் "எடு!" என்று வருகிறது. கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து, படியேறி வந்த அப்பாவின் கையிலிருந்து கேரியரை வாங்கி வைத்துவிட்டு, ஹெட்போனை அவர் தலையில் மாட்டினார்.

மாமியார்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "பூசையில வாசகம் படிக்கிற வாய்ல பிசாசைக் கூப்புடுவீங்களா?" என்றார். அடுத்த ஞாயிறு கோயிலில் சாமியாரிடமே போய்க் கேட்டுவிட்டார். சாமியார் யோசித்துவிட்டு, "கடைசியில அந்த மந்திரவாதி சாகறானா?" என்றார்.

"மூணு படத்துலயும் சாகறான் சாமி."

"அப்ப பேசட்டும்மா."

இப்படித்தான் நானும் மாமனாரும் ஒரே மைக்குக்கு முன்னால் வந்து நின்றோம்.

முதல் காட்சியிலேயே என் வண்டி நின்றுவிட்டது. மகாராணி சிங்காசனத்திலிருந்து குதித்து இறங்கி, மந்திரவாதியின் முகத்துக்கு நேராக விரலை நீட்டிக் கத்துகிறாள். கணவர் எழுதிக் கொடுத்த வசனம்: "அடேய் கிழட்டு ஓநாயே, உன் தலையைக் கொய்து கோட்டை வாசலில் தொங்கவிடுவேன்டா!" தனியாகச் சொல்லிப் பார்த்தபோது நன்றாகத்தான் வந்தது. பக்கத்தில் மாமனார் வெள்ளை வேட்டியோடு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிற்கிறார். நான் வாயைத் திறந்தேன்.

"அடேய் கிழட்டு... மாமா."

"கட்," என்றார் கணவர்.

இரண்டாம் தடவை "உன் தலையை" என்று வர வேண்டியது "உங்க தலையை" என்று வந்தது. அதற்கடுத்த தடவை எல்லாம் சரியாக வந்து, கடைசியில், "தொங்கவிடுவேங்க!" என்று முடிந்தது. பல் ஆஸ்பத்திரிக் குரல். அவ்வளவு மரியாதையாக எந்த மகாராணியும் யார் தலையையும் கொய்திருக்க மாட்டாள். கணவர் மேஜையில் கவிழ்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது சூடாகி, அழுகை வந்துவிடும்போல இருந்தது. மாமனார் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தனித்தனியாகப் பதிவு பண்ணிப் பார்த்தோம். அது இன்னும் மோசம். அவர் இல்லாத மைக்கைப் பார்த்து நான் கத்தியது, ரேஷன் கடையில் யாரோ வரிசையில் புகுந்ததற்குச் சத்தம் போடுவதுபோல இருந்தது. மறுநாளும் அப்படியே. கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஜல்தி முடிக்கணும்மா, அந்தாளு தினமும் போன் பண்றாரு."

அப்போது மாமனார் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். என்னைப் பார்த்துத் திரும்பினார். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், நேராக.

"யம்மா. உனக்கு எம்மேல இன்னா கோவம்?"

"அய்யோ, ஒண்ணுமில்ல மாமா."

"ஆறு வருசமா ஒரே வூட்ல இருக்கிறோம். ஒண்ணுமே இல்லாம இருக்காது. சொல்லு."

"நெஜமாவே ஒண்ணுமில்ல மாமா."

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அப்பறம் வசனத்த சொல்லு."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் கம்ப்யூட்டருக்குள் ஏதோ தொலைந்துபோனதுபோலத் தேடிக்கொண்டிருந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல், நாக்கில் முதலில் வந்ததைச் சொன்னேன்.

"குளிச்சிட்டு வந்து ஈரத் துண்ட எங்க கட்டில் மேல போடறீங்க."

அவர் முகம் மாறவில்லை. "ம். அப்பறம்?"

"தினமும் போடறீங்க. மெத்தையெல்லாம் வாடை அடிக்குது. நான் எடுத்துக் கொடியில போட்டா, மறுபடி கொண்டாந்து அங்கயே போடறீங்க."

"ம்."

"நியூஸ் பாத்துக்கினு இருக்கறப்போ நடுவுல எழுந்து தோட்டத்துக்குப் போயிடறீங்க. நான் சேனல மாத்தினா மட்டும் எப்படித்தான் தெரியுமோ, உடனே வந்து நிக்கறீங்க! ஒரு சீரியலு முழுசா பாத்ததில்ல இந்த வூட்ல! ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, குழம்பு நல்லா இருக்குதுன்னு சொல்லியிருக்கீங்களா? அத்தைகிட்ட சொல்வீங்க, பக்கத்துல நிக்கிற என்கிட்ட சொல்ல மாட்டீங்க! நான் இன்னா கம்பமா?"

என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. மாமனார் கண்ணெடுக்காமல், கையை மட்டும் கணவர் பக்கம் நீட்டி ஆட்டினார். கணவர் பதிவை ஓட்டினார். திரையில் மகாராணி குதித்தாள்.

"அடேய் கிழட்டு ஓநாயே! உன் தலையைக் கொய்து கோட்டை வாசலில் தொங்கவிடுவேன்டா!"

ஒரே தடவை. உதட்டுக்கும் சரியாக ஒட்டியது. நான் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் மந்திரவாதி சிரிக்க வேண்டும். மாமனார் சிரித்தார். வயிற்றிலிருந்து எழும்பி, இரண்டு கழனி தாண்டுகிற சிரிப்பு. கீழே ஜெராக்ஸ் கடையிலிருந்து யாரோ "என்ன சார் ஆச்சு?" என்று கேட்டார்கள்.

அன்றைக்குத் திண்டிவனம் திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். விக்கிரவாண்டி தாண்டியதும் அவர் சன்னலைப் பார்த்தபடி, "புளி கொஞ்சம் தூக்கலா போடற. மத்தபடி நல்லாதான் வெக்கிற," என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. புளியைக் குறைக்கவும் இல்லை.

இரண்டாம் பாகத்தில் இன்னொரு இடத்தில் சிக்கினோம். மந்திரவாதி மலை உச்சியில் நின்று மந்திரம் சொல்லி எலும்புக்கூடுகளை எழுப்புகிறான். வசனத் தாளில் அந்த இடத்தில் மந்திரம் சொல்கிறான் என்று மட்டுமே இருந்தது. என்ன மந்திரம் என்று இல்லை. அவன் வாய் நான்கு முறை திறக்கிறது, கடைசித் தடவை ரொம்ப நீளமாக. கணவர் ஹ்ரீம், க்ரீம் என்று ஏதாவது சொல்லச் சொன்னார். மாமனார் மறுத்துவிட்டார். "யாரு சாமியையும் இதுல இழுக்கக் கூடாது. எவன் மனசும் நோவக் கூடாது." கொஞ்சம் யோசித்தார். கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினார்.

"மயிலம்! பேரணி! விக்கிரவாண்டி! முண்டி... யம்... பாக்க்க்கம்!"

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் உள்ள ரயில் ஸ்டேஷன்கள். முண்டியம்பாக்கம் என்ற இடத்தில் திரையில் மண் வெடித்து எலும்புக்கூடுகள் வரிசையாக எழுந்து வந்தன. ஒரு எழுத்து கூட உதட்டை விட்டுப் பிசகவில்லை. கணவர் எழுந்து நின்று கைதட்டினார்.

மூன்றாம் பாகம் வந்தபோது எங்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. அதில் கதாநாயகன் வேறு ஆள். ஏன் முகம் மாறியது என்று படத்தில் ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாம் பாகத்தில் செத்துப்போன மகாராணி இதில் அவளுடைய இரட்டைச் சகோதரியாக வருகிறாள். அதே கிரீடம், அதே சேலை மாதிரியான ஏதோ ஒன்று. மந்திரவாதியும் வேறு ஆள், போன படத்துக்காரரைவிட அரை ஆள் உயரம் குறைவு. குரல் மட்டும்தான் மாறவில்லை, ஏனென்றால் அது எங்கள் வீட்டுக் குரல்.

வீட்டிலும் மாற்றம் வந்தது. காலையில் சமையலறை வாசலில் நின்று, "மகாராணி, காபி ஆச்சா?" என்று என்னிடமே நேராகக் கேட்க ஆரம்பித்தார். நான், "பொறுடா மந்திரவாதி" என்று மனசுக்குள் சொல்லி, வெளியே "இதோ மாமா" என்பேன். ஒரு நாள் மனசுக்குள் சொல்ல வேண்டியது வெளியே வந்துவிட்டது. மாமியார் கையிலிருந்த கேப்பை மாவுக் கிண்ணம் நழுவிக் கீழே விழுந்தது. மாமனார் அந்தச் சிரிப்பைச் சிரித்தார். மாமியார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "ரெண்டும் ஒண்ணா சேந்துக்கினு இருக்குதுங்க" என்று முணுமுணுத்தபடி மாவை அள்ளினார். நடுவில் நின்று மொழிபெயர்க்கிற வேலை போய்விட்டதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் என்று நினைக்கிறேன்.

இரண்டு பாகங்களும் ஒன்றாக வெளிவந்தன. பெரிதாக ஒன்றும் நடக்காது என்றுதான் நினைத்தோம். ஆனால் எலும்புக்கூடு காட்சியை மட்டும் யாரோ தனியாக வெட்டிப் போட, அது போன் போனாகப் பரவியது. காலை பாசஞ்சர் ரயிலில் முண்டியம்பாக்கம் வரும்போது கல்லூரிப் பிள்ளைகள் கையை உயர்த்தி அந்த மந்திரத்தைச் சொல்லுவதை நானே பார்த்தேன். பல் ஆஸ்பத்திரியில் நாற்காலியில் வாய் பிளந்து படுத்திருந்த ஒருவர், என் குரலைக் கேட்டு எழுந்து, "மேடம், நீங்க மகாராணிதானே?" என்றார். சென்னைக்காரர் போனில் துள்ளினார். "காமெடி பிரமாதம் சார், காமெடி பிரமாதம்!"

அந்த "காமெடி" என்ற வார்த்தையை நானும் கணவரும் வீட்டில் சொல்லவில்லை. வேண்டுமென்று மறைக்கவில்லை. மாமனார் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரியவில்லை, அவ்வளவுதான். அவர் போன் பட்டன் போன். படம் வந்தது என்று மட்டும் தெரியும். நல்ல பேர் கிடைத்திருக்கிறது என்று நாங்கள் சொன்னதும் தெரியும்.

கண்டாச்சிபுரத்தில் மாமியாரின் தம்பி புதுவீடு கட்டி, வீடு மந்திரிப்புக்குக் கூப்பிட்டிருந்தார். எங்களில் புதுவீட்டுக்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து ஜெபம் சொல்வதை மந்திரிப்பு என்றுதான் சொல்வோம். நாங்கள் உள்ளே நுழைந்ததுமே யாரோ, "மந்திரிக்க சாமியார் எதுக்கு? அதான் மாமாவே வந்துட்டாரே!" என்றார்கள். பெரிய சிரிப்பு. மாமனாரும் லேசாகச் சிரித்தார். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்துப் பந்தியில் இளவட்டங்கள் ஒரு போனைச் சுற்றிக் குவிந்திருந்தார்கள். அவருடைய குரல் வந்தது. "முண்டியம்பாக்கம்" வந்ததும் ஒருத்தன் வாயிலிருந்த சோறு தெறிக்கச் சிரித்தான். இன்னொருத்தி கண்ணில் நீர் வழிய, "திரும்பப் போடு, திரும்பப் போடு" என்றாள். மகாராணியிடம் மந்திரவாதி தன் இறந்த மகனைப் பற்றிச் சொல்கிற இடத்தைப் போட்டார்கள். அதற்கும் சிரித்தார்கள். அந்த இடத்தைப் பேசுவதற்கு முன்னால் மாமனார் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றிருந்தார். எனக்கு அது ஞாபகம் இருந்தது.

அவர் இலையை மூடிவிட்டு எழுந்தார். பாயசம் வரவில்லையே என்று பரிமாறுகிறவர் கேட்டதற்குப் போதும் என்று கைகாட்டினார்.

வரும் வழியில் ஒரு வார்த்தை இல்லை. அடுத்த நாள் காலையில் "மகாராணி"யும் இல்லை. மாமியார் என் பக்கம் திரும்பி, "மாமாவுக்குக் காபி வேணுமாம்" என்றார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனேன். அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, எந்த வேலையும் செய்யாமல் இருந்தார்.

"மாமா, காபி."

வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்துவிட்டு, "நான் தப்பாவா பேசினேன்?" என்றார்.

"இல்ல மாமா. சரியாதான் பேசினீங்க."

"அப்பறம் எதுக்குச் சிரிக்கிறானுங்க? அவன் புள்ள செத்துட்டான். அதுக்குமா சிரிப்பாங்க?"

அவர் குரல் அவ்வளவு உண்மையாக இருப்பதால்தான் படத்தின் பொய் அவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்று எனக்கு மனசுக்குள் புரிந்தது. வாயால் சொல்லத் தெரியவில்லை. என் போனை எடுத்து அதே காட்சியைப் போட்டுக் கொடுத்தேன். "மந்திரவாதிய பாக்காதீங்க மாமா. அவனுக்குப் பின்னால பாருங்க."

அப்போதுதான் எனக்கே ஒன்று தெரிந்தது. அத்தனை நாளும் அவர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. மந்திரவாதியின் உதட்டை மட்டுமே பார்த்திருக்கிறார். கம்பத்தில் ஏறினால் கம்பியை மட்டும் பார்க்கிற பழக்கம்.

போனைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். மந்திரவாதி மகனை நினைத்து உருகுகிறான். அவனுக்குப் பின்னால் காவல் நிற்கிற எலும்புக்கூடு, மூக்கு அரித்ததோ என்னவோ, முகமூடியைத் தூக்கிச் சொறிந்துகொள்கிறது. அதற்கும் பின்னால் டிராகன் படுத்திருக்கிறது. அதன் பின்பகுதியிலிருந்து ஒரு காலும் இரண்டு கைகளும் வெளியே வந்து, ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு, மறுபடி உள்ளே போகின்றன.

மாமனார் போனைத் தூரமாகப் பிடித்தார். பக்கமாகப் பிடித்தார். "யம்மா, இது இன்னா?"

"டிராகன் மாமா."

"டிராகனுக்கு எதுக்கு ஷூ?"

"கல்லு குத்துமில்ல?"

அவருடைய தோள் குலுங்கியது. முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது பாருங்கள். அது மந்திரவாதிச் சிரிப்பு இல்லை, நான் அதுவரை கேட்டே இராத, கீச்சென்ற ஒரு சிரிப்பு. காபி வேட்டியில் சிந்தியது. மாமியார் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார். "ஏமே, இங்க வந்து பாரு, டிராகன் ஷூ நாடா கட்டுது!" என்று அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினார். இரண்டு படத்தையும் முதலிலிருந்து கடைசி வரை அன்றைக்குத்தான் அவர் பார்த்தார். திருப்பிப் போட்ட போரை அவரே கண்டுபிடித்தார்.

நான்காம் பாகத்துக்கு என் கணவர் உஷாராகிவிட்டார். ஜனங்களுக்குச் சிரிப்புதானே வேண்டும் என்று, வசனத்தில் ஜோக்குகளாக எழுதிவைத்தார். குரலை இழுத்து, மூக்கால் பேசச் சொன்னார். மாமனார் சொன்னபடி செய்தார். கேட்டுப் பார்த்தோம். மூன்று பேரில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. சினிமாவில் காமெடிக்கென்று வருகிற மாமாக்கள் போல இருந்தது.

"இத அழிச்சிடு," என்றார் மாமனார்.

"ஏம்பா? சிரிக்க வெக்கணும்ல?"

"நான் மிரட்டத்தான் வர்றேன். சிரிக்கிறது அவங்க இஷ்டம். நானே சிரிச்சிக்கினு மிரட்டினா எவன் சிரிப்பான்?"

பழையபடி எழுதினோம். அவர் பழையபடியே பேசினார், டிராகனின் ஷூவைத் தெரிந்துகொண்டும், தெரியாதவர்போல. அந்தப் படத்தில் பாதிக்கு மேல் முந்தின இரண்டு படங்களிலிருந்து வெட்டி ஒட்டியது. யாராவது நெருப்பைப் பார்த்தால் உடனே பழசை நினைத்துக்கொள்கிறார்கள். மந்திரவாதிக்கு மூன்றாவதாக ஒரு நடிகர். அவருக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ, முழுக்க முகமூடி போட்டே வருகிறார். உதடே தெரியாததால் எங்கள் இஷ்டத்துக்குப் பேசினோம்.

கடைசிக் காட்சிப் பதிவுக்கு மாமியாரும் வந்தார். கூட்டத்தில் அழுகிற குரல் வேண்டியிருந்தது. அழுகைக்கு அவரை விட்டால் எங்களுக்கு வேறு ஆள் கிடையாது. மந்திரவாதி மகாராணியின் வாளால் குத்துப்பட்டுச் சாக வேண்டும். அந்த முகமூடி நடிகர் சாக எடுத்துக்கொண்ட நேரம் கொஞ்சமல்ல. விழுகிறார், எழுகிறார், தூணைப் பிடிக்கிறார், மறுபடி விழுகிறார். தாளில் எழுதியிருந்த வசனம் முதல் விழுதலோடு முடிந்துவிட்டது. மிச்சத்தை மாமனார் நிரப்பினார். தண்ணீர் கேட்டார். நாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். எல்லோரையும் மன்னித்தார். குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இறங்கி, அவருக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்திருந்த அந்த மெல்லிய பேச்சுக்கு வந்துவிட்டது. "மகாராணி... அழாதம்மா..." என்றார்.

மகாராணிக்கு அங்கே ஒரே ஒரு வசனம். "ஒழிந்தான் துரோகி!" எனக்கு வாய் வரவில்லை. மாமியார் ஏற்கெனவே நிஜமாகவே அழ ஆரம்பித்திருந்தார். எழுந்து வந்து மாமனாரின் ஹெட்போனைப் பிடுங்கினார்.

"போதும் நிறுத்துங்க! எதுக்கு இவ்ளோ நல்லா சாகறீங்க?"

அந்த அழுகை, அந்தச் சத்தம் எல்லாம் பதிவில் இருக்கிறது. கணவர் வெட்டவில்லை. படத்தில் கூட்டத்திலிருந்து ஒரு கிழவி மந்திரவாதிக்காக அழுவதுபோலவே ஒட்டிக்கொண்டது. "ஒழிந்தான் துரோகி"யை மட்டும் எடுத்துவிட்டோம். மகாராணி வாயசைக்கிறாள், சத்தம் வராது. படம் பார்த்தவர்கள் அதற்கும் சிரித்திருக்கிறார்கள். சிலர் அந்த இடத்தில் என்னவோ செய்தது என்றும் எழுதியிருந்தார்கள்.

கேரியரைத் திறந்து நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாமியார் இன்னும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். இனிமேல் சாகிற வேஷமே வேண்டாம் என்று மகனிடம் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் சென்னைக்காரர் போன் செய்தார். கணவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனைத் தரையில் வைத்தார். ஐந்தாம் பாகம் ஒன்று கிடைத்திருக்கிறதாம். அதில் மந்திரவாதி சாகவே மாட்டானாம்.

"கைக்குழந்தையா மறுபடி பொறக்கறான் சார். படம் முழுக்க தொட்டில்லதான்."

மாமனார் மோர் மிளகாயைக் கடித்தபடி யோசித்தார். பிறகு என்னைப் பார்த்து, ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "அப்ப அவனுக்குப் பல்லு மொளச்சிருக்குமா, இல்லியா? அதுக்குத் தக்கினதானே அழுவணும்?"